நூற்றியோராவது பித்தப்பை

பயிற்சி மேஜைக்குப் பின்னால் இருக்கும் சுவரில் கரிக்கோடுகள் பார்க்க அசிங்கமாக இருக்கின்றன, பெயிண்ட் அடித்துவிடலாம் என்று போன வாரம் உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நல்ல எண்ணம்தான். ஆனால் பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். படித்த பிறகும் அடிக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால் சொல்லுங்கள், நானே வந்து ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என்னைத் தெரியாது. எனக்குப் பட்டம் எதுவும் கிடையாது. அருப்புக்கோட்டையில் பைக்குகளுக்கு ஷாக் அப்சார்பர் பார்த்துக்கொண்டிருந்தவன். நம் பக்கத்து ரோடுகளின் புண்ணியத்தில் எனக்கு ஒருநாளும் வேலை இல்லாமல் போனதில்லை. வண்டியின் முன்பக்கத்தை ஒருமுறை அமுக்கி விட்டால் போதும், உள்ளே எண்ணெய் எவ்வளவு இருக்கிறது, எந்த சீல் தேய்ந்திருக்கிறது என்று என் உள்ளங்கை சொல்லிவிடும். அந்த ஒரு வித்தைதான் என்னிடம் இருந்தது.

ஒருநாள் ஸ்கூட்டரில் எண்ணெய் ஒழுகுகிறது என்று வந்தார் நம் டாக்டரம்மா. பக்கத்து ஊர் பாலவனத்தத்துப் பிள்ளை, வயிற்று ஆபரேஷனில் பெரிய படிப்புப் படித்தவர். நான் சீல் மாற்றுவதை ஸ்டூலில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார். "எண்ணெய் வெளிய வராம, ஆனா தண்டு மட்டும் லேசாப் போயிட்டு வரணும். இதை எத்தனை சின்னதாச் செய்ய முடியும் அண்ணே?" என்று கேட்டார். "கொசு ஓட்டுற பைக்குன்னாலும் செஞ்சு தாரேம்மா" என்றேன். வாய்ப்பேச்சு. மறுநாள் ஒரு பாட்டிலோடு வந்து நின்றார்.

அந்தப் பாட்டிலில் இருந்ததைத்தான் நீங்கள் இன்று கையாள்கிறீர்கள். பார்க்கக் கழிவு எண்ணெய் மாதிரி கறுப்பாக இருக்கும். எண்ணெய்க்குள் இரும்புத் துகள், மாவை விட நைசாக. காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் கண் இமைக்கும் நேரத்தில் கெட்டியாகிவிடும், எடுத்தால் மறுபடி எண்ணெய். பள்ளிக்கூட மைதானத்தில் ஹெட்மாஸ்டரைக் கண்டதும் பிள்ளைகள் வரிசை கட்டி நிற்பதும், அவர் தலை மறைந்ததும் கலைந்து ஓடுவதும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது எதற்கு என்று டாக்டரம்மா சொன்னதை நான் மறக்கவில்லை. வயிற்றில் மூன்று ஓட்டை போட்டு, நீளக் குச்சிகளை உள்ளே விட்டு, டிவியைப் பார்த்துக்கொண்டே ஆபரேஷன் செய்கிறார்கள். கண்ணுக்கு எல்லாம் தெரியும், கைக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்து வீட்டு அடுப்பில் இட்லி வெந்துவிட்டதா என்று நம் வீட்டு ஜன்னல் வழியாக மூங்கில் கழியால் குத்திப் பார்ப்பது மாதிரி. ஆரம்ப காலத்தில் அவர் ஒரு பித்தப்பையை எடுக்கும்போது, கை அளவு தெரியாமல் கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிட்டார். பக்கத்துக் குழாய் கிழிந்து, வயிற்றைத் திறக்கவேண்டியதாகப் போயிற்று.

"அந்தம்மா பொழைச்சுட்டாக அண்ணே. என் கைதான் இன்னும் பொழைக்கல" என்றார்.

ஆகவே அவருக்கு ஒரு கைப்பிடி வேண்டும். குச்சியின் நுனி ஈரலைத் தொட்டால், அந்தச் செய்தி மின்சாரமாக வந்து, கைப்பிடியின் எண்ணெயைக் கெட்டியாக்கி, பிடித்திருக்கும் விரலுக்கு "இது ஈரல்" என்று சொல்லவேண்டும். புதிய டாக்டர்கள் ஆட்டு ஈரலில் பழகிவிட்டு, பிறகு மனிதரிடம் போகவேண்டும். இன்று அது எங்கெங்கோ போய்விட்டது. அன்று ஒரு மர மேஜை, ஈரலை வைக்க ஒரு பெட்டி, கெட்டியைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, நாங்கள் இரண்டு பேர்.

எண்ணெயைக் கைப்பிடியோடு சேர்ந்த உருளைக்குள் ஒழுகாமல் அடைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் ஒரு கேள்வி வந்து நின்றது. ஈரல் கைக்கு எப்படி இருக்கும்? டாக்டரம்மாவிடம் கட்டுக் கட்டாகக் காகிதம் இருந்தது, எல்லாம் எண்கள். எனக்கு ஈரலைக் குழம்பில்தான் பழக்கம்.

"எங்க மதினியக் கூட்டிட்டு வாரேன்" என்றேன்.

மதினி என்றால் கூடப்பிறந்த அண்ணன் மனைவி இல்லை. மார்க்கெட் பக்கம் கறிக்கடை வைத்திருக்கும் என் கூட்டாளியின் வீட்டுக்காரி. பெயரை எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் ஆட்டை வெட்டுவார், ஈரலில் இருந்து பித்தப்பையைப் பிரிப்பது மதினி. பெருவிரல் அளவுப் பச்சைப் பை அது. உடைந்தால் அந்த ஈரல் முழுக்கக் கசந்துபோகும். மதினி அதை இரண்டு விரலால், பக்கத்துக் கடைக்காரியோடு சண்டை போட்டுக்கொண்டே, பார்க்காமல் எடுப்பார். உடைத்து நான் கண்டதில்லை.

வந்தார். மேஜை முன் உட்கார்ந்தார். கைப்பிடியைப் பிடித்தார். பெட்டிக்குள் இருந்த ஈரலைக் குச்சியின் நுனி தொட்டது.

"என்ன இது?"

"ஈரல் மதினி."

"ஈரலா? கொழுந்தனாரே, இது செருப்பு. அதுலயும் மழைல நனைஞ்சு காஞ்ச செருப்பு."

திருகைக் கொஞ்சம் குறைத்தேன்.

"இப்ப?"

"நேத்து வச்ச கொழுக்கட்டை."

இன்னும் கொஞ்சம் குறைத்தேன். அவர் கண்ணை மூடினார். விரல் மட்டும் லேசாக அசைந்தது. "ம்... இந்தா இருக்குல்ல. இதான் ஈரல். இன்னைக்குக் காலைல அறுத்த ஆடு, கிடா, சின்ன வயசு."

டாக்டரம்மா தன் காகிதங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு காகிதங்களைப் பைக்குள் வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் எங்கள் திருகைச் சுற்றி நான் பேனாவால் எழுதினேன். தண்ணி, மோர், ஈரல், கொழுக்கட்டை, செருப்பு. உலகத்தில் வேறெந்த மருத்துவக் கருவியிலும் இப்படி ஓர் அளவு இருந்திருக்காது.

தினமும் கடை கட்டியதும் மதினி ஒரு தூக்குச்சட்டியில் பித்தப்பையோடு சேர்ந்த ஈரல்களைக் கொண்டுவருவார். டாக்டரம்மா கைப்பிடியால் எடுத்துப் பழகுவார். மதினி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, "இழுக்காதீக, அது என்ன கெணத்துக் கயிறா?" என்று அதட்டுவார். அப்படி ஒருநாள் அதட்டிக்கொண்டிருந்தவர் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து அமுக்கிக்கொண்டு குனிந்துவிட்டார். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் பித்தப்பை நிறையக் கல். எத்தனையோ ஆட்டுக்குப் பித்தப்பை எடுத்தவருக்கு, தன்னுடையது இப்படி ஆகிவிட்டது.

"அக்கா, உடனே எடுத்துறணும். கல்லு நகந்து குழாய அடைச்சா உயிருக்கே ஆபத்து" என்றார் டாக்டரம்மா.

"யாரு எடுப்பா?"

"மதுரைல நல்ல டாக்டருக இருக்காக. எழுதித் தாரேன்."

"அவுக கைய நான் பாத்ததில்லையே. உங்க கையத்தான் தெனமும் பாக்கேன். நீங்களே எடுங்க."

டாக்டரம்மா தயங்கினார். தயக்கத்தை மதினி பார்த்துவிட்டார். அடுப்புக்கரி ஒன்றை எடுத்து வந்து சுவர் முன்னால் நின்றார்.

"இந்தாங்க. நூறு ஆட்டுப் பித்தப்பை ஒடையாம எடுங்க. ஒண்ணுக்கு ஒரு கோடு. நடுவுல ஒண்ணு ஒடஞ்சாலும் அம்புட்டையும் அழிச்சுட்டு முதல்ல இருந்து. நூறு முடிஞ்சா, நூத்தியொண்ணு என்னுது."

"அதுக்குள்ள வலி வந்தா?"

"வரட்டும். நீங்க சுறுக்கா எடுங்க."

நீங்கள் படித்தவர்கள், இதென்ன பைத்தியக்காரத்தனம் என்பீர்கள். நாங்களும் சொல்லிப் பார்த்தோம். அவர் வீட்டுக்காரரும் சொன்னார். "வாய மூடுங்க, நீங்க ஒடைச்சது எத்தனைன்னு எனக்குத் தெரியும்" என்று அவரையும் அடக்கிவிட்டார். சுவரில் கோடு ஏறியது. பதினேழில் ஒன்று உடைந்தது, ஈரத்துணியால் துடைத்தார். நாற்பதில் ஒன்று உடைந்தது, துடைத்தார். மூன்றாவது முறை ஏறத் தொடங்கிய கோடுகள் தொண்ணூற்றிரண்டுக்கு வந்து நின்றபோது, இரண்டு தடவை வலி வந்து போயிருந்தது. இரண்டாவது தடவை அவர் முகம் மஞ்சளாகிவிட்டது. இன்னும் எட்டு.

அந்த நேரத்தில்தான் குழு வந்தது. நம் கைப்பிடியைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வெளியூரில் இருந்து மூன்று பேர். தலைவர் வயதான சர்ஜன், வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், வார்த்தைகளை எண்ணி எண்ணிப் பேசுகிறவர். அவர்கள் முன்னால் டாக்டரம்மா தொண்ணூற்று மூன்றாவதை எடுக்கவேண்டும்.

இனி நான் சொல்லப்போவது என் புத்தியைப் பற்றி. பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்றதும் நான் பந்தல் போட்டேன். மேஜைக்குத் தரை வரை தொங்கும் சிவப்பு வெல்வெட் துணி போட்டேன். மூன்று பொன்னாடை வாங்கினேன். மைக்செட்டுக்கும் சொல்லிவிட்டேன்.

"மொத்தம் ஏழு பேர் இருக்கிற ரூமுக்கு மைக்செட் எதுக்கு அண்ணே?" என்றார் டாக்டரம்மா.

"அம்மா, வெளியூர்க்காரக வாராக. சத்தமே இல்லாம வரவேத்தா எழவு வீடுன்னு நெனச்சுக்கிருவாக."

மைக்செட் கண்ணன் காலையிலேயே ஆள் உயரப் பெட்டிகள் இரண்டோடு வந்தான். "மாமா, பதினோரு மணி வரைக்கும்தான். அப்புறம் பந்தல்குடில ஒரு காதுகுத்து" என்றான். நான் வெளியே வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு பாட்டைப் போட்டுவிட்டான், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எனக்கு மனது நிறைந்துவிட்டது.

குழு வருவதற்குக் கால் மணி நேரம் இருக்கும்போது ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கைப்பிடியைப் பிடித்தேன். திருகு "ஈரல்" என்ற கோட்டில்தான் இருந்தது. கையில் வந்தது செருப்பு.

எனக்கு வேர்த்துவிட்டது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். இந்த எண்ணெயைச் சும்மா வைத்தால் இரும்பு அடியில் படிந்துவிடும், அதனால் தினமும் சாயங்காலம் உருளையை ஆட்டி வைக்கவேண்டும். அது என் வேலை. முந்தின நாள் பந்தல் வேலையில் ஆட்டினேனா இல்லையா? ஞாபகம் இல்லை. ஆட்டவில்லை, படிந்துவிட்டது, அதனால்தான் செருப்பாகிவிட்டது என்று முடிவு கட்டினேன். டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கலாம். அவர் அங்கேதான் நின்றிருந்தார். ஆனால் வாசலில் வேன் வந்து நின்றுவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? யாரும் பார்க்காதபோது திருகை "மோர்" வரைக்கும் இறக்கினேன். பிடித்துப் பார்த்தேன். ஈரல். அப்பாடா என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாலையை எடுக்க ஓடினேன்.

வரவேற்புரை நான்தான். மைக்கில். என்னிடமிருந்து இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்த தலைவர் என் ஒவ்வொரு வார்த்தைக்கும் கண்ணைச் சுருக்கினார். பொன்னாடை போர்த்தினோம். பிறகு வடையும் காப்பியும் சாப்பிடப் பந்தலுக்குப் போனோம். நாங்கள் வடை தின்றுகொண்டிருந்தபோது, கண்ணன் சத்தம் போடாமல் பெட்டிகளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். மணி பதினொன்று.

திரும்பி வந்து உட்கார்ந்தோம். டாக்டரம்மா கைப்பிடியைப் பிடித்தார். மதினி தன் வழக்கமான ஸ்டூலில். தலைவர் நன்றாகப் பார்ப்பதற்காக ஈரல் பெட்டியின் மேல் குனிந்தார். மூடி திறந்திருந்தது.

டாக்டரம்மா எப்போதும் போல அமுக்கினார். எப்போதும் போல இழுத்தார். கைக்கு வந்தது மோர், அதாவது ஒன்றுமே இல்லை. ஒன்றும் இல்லையே என்று இன்னும் கொஞ்சம் இழுத்தார்.

பித்தப்பை உடைந்த வேகத்தைச் சொல்லி மாளாது. பச்சை நீர் பீய்ச்சி, தலைவரின் வெள்ளைச் சட்டையில் கழுத்தில் இருந்து பாக்கெட் வரை ஒரு கோடு போட்டது. ஒரு சொட்டு மூக்குக்கண்ணாடியில். அவர் அதைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டார்.

டாக்டரம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "என் கைதான் சார்" என்றார். "கருவி மேல தப்பு இல்ல. என் கைதான்." பிறகு மதினியைப் பார்த்து, "அக்கா, மதுரைக்குப் போயிருங்க. வேற நல்ல கையாப் பாத்து எழுதித் தாரேன்."

"நான் எங்கயும் போகல. முதல்ல இருந்து ஆரம்பிங்க" என்றார் மதினி. எழுந்து, ஈரத்துணியை எடுத்து, சுவர் பக்கம் போனார். முகம் அப்போதும் மஞ்சள்தான். மூன்று முறை ஏறித் தொண்ணூற்றிரண்டை எட்ட எத்தனை மாதம் ஆயிற்று என்று எனக்குத் தெரியும். அந்தக் கல் அவ்வளவு மாதம் காத்திருக்காது என்றும் தெரியும்.

அந்த நேரத்தில் என் கை எங்கே இருந்தது தெரியுமா? மேஜையைத் துடைக்கிற சாக்கில் துண்டோடு திருகின் மேல் இருந்தது. மெல்லத் திருப்பி "ஈரல்" கோட்டில் வைத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. டாக்டரம்மாவே பழியை ஏற்றுக்கொண்டுவிட்டார், ஆடு வந்து சாட்சி சொல்லப்போவதில்லை. பாதி திருப்பியும் விட்டேன், பொய் சொல்ல மாட்டேன். அப்போது டாக்டரம்மா தன் வலது கையை இடது கையால் மூடி, முந்தானைக்குள் ஒளித்துக்கொள்வதைப் பார்த்தேன். மதினியின் துணி முதல் மூன்று கோடுகளை அழித்துவிட்டது.

"நிறுத்துங்க மதினி!" என்று கத்தினேன். மைக் இல்லாமலே அறை அதிர்ந்தது. "அவுக கை இல்ல. நான்தான். திருகைக் கொறச்சுட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பு, மோர், ஆட்ட மறந்தது, பயந்தது.

"ஆட்ட மறந்தீகளா?" என்று திரும்பினார் மதினி. "நேத்துச் சாயங்காலம் ஒரு கைல பந்தக் கயிறு, ஒரு கைல உருளைன்னு ஆட்டுனீகளே. நான்தான பாத்தேன். கயிறு காலுல சுத்தி விழப்போனீக, சிரிச்சேனே."

யோசித்துப் பாருங்கள். செய்யாத தப்பை மறைக்கப் போய், செய்யக் கூடாத தப்பைச் செய்திருக்கிறேன்.

தலைவர் முதல்முறையாக வாயைத் திறந்தார். திருகைச் சுற்றி எழுதியிருந்ததைக் கண்ணாடியை இறக்கிப் படித்தார். "இப்போது ஈரலில் வையுங்கள்" என்றார். வைத்தேன். மதினி பிடித்துப் பார்த்து, "ஈரல்தான்" என்றார்.

"காலையில் ஈரல் செருப்பாக இருந்தது. இப்போது ஈரல் ஈரலாக இருக்கிறது. சாயங்காலம் என்னவாக இருக்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மற்ற இருவரும் பைகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

மதினி ஸ்டூலில் உட்கார்ந்து, காலை நீட்டினார். மடக்கினார். மறுபடி நீட்டினார்.

"காலு இடிக்கலையே" என்றார்.

"என்ன மதினி?"

"நீங்க மைக்குல கத்துனப்ப, இந்தத் துணிக்கு உள்ளாற ஒரு பெட்டி இருந்துச்சு. காலத் தூக்கி அது மேலதான் வச்சிருந்தேன், கிறுகிறுன்னு சொகமா இருந்துச்சு. இப்பக் காணோம்."

வெல்வெட் துணியைத் தூக்கினேன். கைப்பிடியின் எண்ணெய் உருளை மேஜைக்கு அடியில் தொங்குகிறது. அதற்கு நேர் கீழே, தூசியில், நீள்சதுரமாக ஒரு தடம். அறையில் இடம் இல்லை என்று கண்ணன் ஒரு ஸ்பீக்கர் பெட்டியை மல்லாத்தி உள்ளே தள்ளியிருக்கிறான். ஸ்பீக்கருக்குள் சட்னி அரைக்கிற கல் அளவுக்குக் காந்தம். வருகிறவர்களுக்கெல்லாம் காந்தத்தைக் காட்டி எண்ணெயைக் கெட்டியாக்கி வித்தை காட்டுகிற நான், அந்த உருளைக்கு அடியில் காந்தத்தைக் காசு கொடுத்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

"அந்தப் பெட்டிதான் இதைச் செய்தது என்று நான் பார்க்கவேண்டும்" என்றார் தலைவர். கண்ணனுக்குப் போன் போட்டேன். "மாமா, தாய்மாமன் சீர் வர்ற நேரம். பெட்டிய எடுத்தா என்னயத்தான் காது குத்துவாக" என்று வைத்துவிட்டான்.

"அப்படியானால் நாம் போவோம்" என்றார் தலைவர்.

குழு வந்த வேனிலேயே ஏறினோம். கைப்பிடியும் உருளையும் என் மடியில். டாக்டரம்மா மடியில் ஈரல் பெட்டி. மீதி இருந்த ஒரே ஈரலை மதினி எவர்சில்வர் தாம்பாளத்தில் வைத்து, வாழையிலையால் மூடி, அதற்குமேல் சிவப்பு வெல்வெட் துணியைப் போட்டுக்கொண்டார். தலைவர் பச்சைக் கறையை மறைக்கப் பொன்னாடையை இழுத்துப் போர்த்தியிருந்தார். பந்தல்குடி மண்டப வாசலில் நாங்கள் வரிசையாக இறங்கியது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

"தாய்மாமன் வந்துட்டாக!" என்று ஒருவர் கத்தினார். மேளம் பிடித்துக்கொண்டது. எங்கள் மேல் பன்னீர் தெளித்தார்கள். தலைவர் நெற்றியில் சந்தனம், குங்குமம். தாம்பாளத்தை வாங்க வந்த அம்மாவிடம், "இதத் தொடாதீக, ஈரல்" என்றார் மதினி. அந்த அம்மா, "ஆகா, கறிச்சீரா!" என்று பூரித்துப்போனார். நான் விளக்கம் சொல்லச் சொல்ல, கண்ணன் மைக்கில் எங்களை வரவேற்றுக்கொண்டே இருந்தான்.

உண்மையான தாய்மாமன் திருச்சுழியில் இருந்து வருகிற வழியில் வண்டி பஞ்சராகி நிற்பது தெரிந்த பிறகுதான் சத்தம் குறைந்தது. வீட்டுப் பெரியவர் விஷயத்தைக் கேட்டார். என்ன புரிந்ததோ, "ஒரு உசுரு சம்பந்தப்பட்டது, செய்யுங்க" என்று மணமேடைக்குப் பக்கத்திலேயே ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார். அழுதுகொண்டிருந்த மொட்டைத் தலைக் குழந்தையை, "அவுக வர்ற வரைக்கும் கொஞ்சம் வச்சுக்கங்கய்யா" என்று தலைவர் மடியில் உட்கார வைத்தார். குழந்தை சந்தனப் பொட்டைப் பார்த்து அழுகையை நிறுத்திக்கொண்டது. தலைவரும் அதை அணைத்துக்கொண்டார்.

ஈரலை அதன் பெட்டிக்குள் வைத்து, ஸ்பீக்கரை உருளைக்குக் கீழே மல்லாத்தி வைத்தோம். மதினி பிடித்தார். "செருப்பு." நான்கு அடி தள்ளி வைத்தோம். "ஈரல்." மறுபடி கீழே. "செருப்பு." தள்ளி. "ஈரல்." மண்டபமே கூடி நின்று அவர் சொல்வதற்கு முன்னால் சொல்லத் தொடங்கிவிட்டது. தலைவரும் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பிடித்துப் பார்த்தார். "செருப்புதான்" என்றார், மெதுவாக.

பிறகு டாக்டரம்மாவைப் பார்த்து, "இந்த ஈரலில் பித்தப்பை இருக்கிறதே" என்றார்.

டாக்டரம்மா அசையவில்லை. "கை நடுங்குது சார்."

மதினி ஈரல் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார். "நடுங்கட்டும். ஈரலுக்கு அது தெரியாது. நான் காலைல ஒடஞ்சதக் கணக்குல வைக்கல, அது கொழுந்தனார் ஒடைச்சது. இது தொண்ணூத்தி மூணு. எடுங்க."

ஸ்பீக்கர் நான்கு அடி தள்ளி. திருகு "ஈரல்" கோட்டில், என் இரண்டு கையும் என் முதுகுக்குப் பின்னால். கண்ணன் பாட்டை நிறுத்தினான். டாக்டரம்மா அமுக்கினார், நிறுத்தினார், ஒரு மூச்சு விட்டார், உரித்தார். பச்சைப் பை முழுசாகக் குச்சி நுனியில் தொங்கியது. தலைவர் குனியவேயில்லை, இந்தத் தடவை நன்றாகத் தள்ளி உட்கார்ந்திருந்தார். மண்டபத்தில் கைதட்டல். யாரோ குலவை போட்டார்கள். குழந்தை மறுபடி அழத் தொடங்கியது.

தலைவர் உடனே சரி சொல்லிவிடவில்லை. உருளைக்கு இரும்புச் சட்டை போடுங்கள், வெளிக்காந்தம் உள்ளே வரக் கூடாது, திருகை எடுத்துவிடுங்கள், மறுபடி வருகிறேன், மைக்செட் வேண்டாம் என்றார். மறுபடி வந்தார், கையெழுத்துப் போட்டார். அதெல்லாம் உங்கள் பைலில் இருக்கும். பைலில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். திரும்பும்போது வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "காலையிலேயே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார். "வாசல்ல வேன் வந்து நின்னுருச்சு சார்" என்றேன். "வேன் நிற்கும். அதற்குத்தான் பிரேக் இருக்கிறது" என்றார். பிள்ளைகளே, கையில் வருவது தப்பாகத் தெரிந்தால் எண்ணைத் திருத்தாதீர்கள். ஏன் என்று தெரிகிற வரைக்கும் வேனை வாசலிலேயே நிறுத்தி வையுங்கள். எனக்கு இதற்கு மேல் சொல்லத் தெரியாது. முதல் கைப்பிடியின் முன்தகட்டில் பசை வைத்து அடைத்த ஓட்டை ஒன்று இருக்கிறதல்லவா, அது அந்தத் திருகு இருந்த இடம்.

அன்று சாயங்காலம் மதினி அழித்த மூன்று கோடுகளையும் திரும்பப் போட்டார். முதல் மூன்றும் மங்கலாக இருப்பது அதனால்தான். அடுத்த நான்கு நாளில் நூறு முடிந்தது. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரி.

நானும் அவர் வீட்டுக்காரரும் வெளியே நின்றிருந்தோம். ஸ்ட்ரெச்சரில் போகும்போது மதினி டாக்டரம்மாவின் வலது கையைப் பிடித்து, உள்ளங்கையைப் புரட்டிப் பார்த்தார். "மைக்செட்டுக்காரன் ஊர்ல இருக்கானா?"

"தூத்துக்குடிக்குப் போயிருக்கான் அக்கா. விசாரிச்சுட்டேன்."

"அப்பச் சரி."

அவர் வீட்டுக்காரர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை நேரம் என்று நான் பார்க்கவில்லை. டாக்டரம்மா வெளியே வந்தபோது கையில் ஒரு எவர்சில்வர் கிண்ணம். முழுசாக, ஒரு கீறல் இல்லாமல். அதை எங்களிடம் காட்டிவிட்டு, அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து தன் வலது கையைப் பார்த்து அழுதார். பிறகு சிரித்தார்.

பத்து நாள் கழித்து மதினி நம் பட்டறைக்கு வந்தார். வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குனிந்து கரியை எடுத்து, நூற்றியோராவது கோட்டைப் போட்டார். கடைசிக் கோடு மட்டும் கோணலாக இருக்கிறதே, அதுதான். தையல் இழுத்ததாம்.

துணியை எடுத்து நான் கையைத் துடைக்கக் கொடுத்தேன். அவர் துணியையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கொழுந்தனாரே, இந்தத் துணிய உள்ள வைங்க. இனி எது ஒடஞ்சாலும் நான் அழிக்க மாட்டேன். பந்தயம் வைக்க எங்கிட்ட வேற பித்தப்பை இல்ல."